முப்பது மட்டியும் ஒரு கேன் அருவித் தண்ணீரும்

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு டிக்கெட்டை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி, கடலே இல்லாத தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, கடலோரத்து மட்டிச் சிப்பி எந்த மாதம் முட்டை விடுகிறது என்று ஆராய்ச்சி செய்யக் கிளம்பியிருக்கக் கூடாது. என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அப்போது நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து திருநெல்வேலி, அங்கிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து ஆத்தூர், அப்புறம் ஒரு ஆட்டோ. தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயல் கழிமுகத்தில் போய் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று காலால் துழாவி மட்டி எடுக்கிற பெண்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து துழாவி, முப்பது எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் வைத்து, இரண்டு கேனில் கழிமுகத் தண்ணீரும் பிடித்துக்கொண்டு திரும்புவேன். அன்றைக்குச் சாயங்காலமே கல்லூரி லேபில் உட்கார்ந்து முப்பதையும் திறந்து பார்த்துப் பதப்படுத்தி வைத்துவிட வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்கள் வாசனைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு இடம் மாறிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பெட்டியை வைக்க இடம் கிடைத்தது.

மட்டியை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஓட்டைத் திறந்து, பாதம் எனப்படும் தசைக்கு மேலே வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிற சினையில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் பெண். ஒரே துறுதுறுப்பாக இருந்தால் ஆண். சில மட்டிக்குள் பட்டாணி அளவில் ஒரு நண்டு வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். முதல் தடவை அது வெளியே ஓடியபோது நான் ஸ்டூலிலிருந்து விழப்பார்த்தேன். ஓட்டின் மேல் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும் கொட்டலசும், சாக்கின் ஈரத்தில் பெயர் தெரியாத புழுக்களும், ஊசி முனை நத்தைகளும் கூடவே வந்துவிடும். எதையும் எறிய மனசு வராமல் குப்பியில் போட்டுப் பெயர் தேடிக்கொண்டிருப்பேன். ஒரு மட்டிக்குப் போனால் பத்து உயிர் வீட்டுக்கு வரும்.

ஆனால் பட்டம் அந்தப் பத்துக்கு இல்லை. ஆண் மட்டியும் பெண் மட்டியும் வாழ்நாளில் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன, மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. ஆகவே எல்லாம் ஒரே சமயத்தில் விட்டாக வேண்டும். அந்தச் சமயம் எது என்பதுதான் என் கேள்வி. மாதம் முப்பது வீதம் பன்னிரண்டு மாதம் திறந்து பார்த்து, எந்த மாதம் சினை நிறைந்திருக்கிறது, எந்த மாதம் காலியாகிறது என்று ஒரு கோடு வரைய வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனாலும் கோடு அறுந்துவிடும். அந்தப் பயம் எனக்கு முதல் மாதத்திலிருந்தே உண்டு. மாணவிகள் முதுகுக்குப் பின்னால் என்னை மட்டி மேடம் என்று கூப்பிட்டார்கள், அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

எட்டாவது மாதம் ஜூலை. குற்றாலத்தில் சீசன். சீசன் நேரத்தில் தென்காசிக்குள் பஸ் வருவதென்பது நம் கையில் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் கல்லூரி வாசலுக்கு வந்து சேரும்போது ஆறரை. லேப் பூட்டியிருந்தது. சாவி அட்டெண்டர் அண்ணாச்சியிடம். அவர் போன் அணைந்து கிடந்தது. சீசன் ஞாயிறுகளில் அவர் மச்சினனின் பழக்கடையில் ஒத்தாசைக்கு நிற்பார் என்பதும், சனிக்கிழமை சாயங்காலமே குற்றாலம் போய்விடுவார் என்பதும் வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப்பும் பதப்படுத்துகிற திரவமும் உள்ளே, மட்டியும் நானும் வெளியே.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு வழி இல்லை. பெரிய பிளாஸ்டிக் பேசினில் ஒரு கேன் தண்ணீரை ஊற்றி, மீன் தொட்டிக்கு வைக்கிற ஏரேட்டரைப் போட்டு, முப்பதையும் அதில் இறக்கினேன். இன்னொரு கேனைப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லோரம் வைத்தேன். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாம் லேசாக வாய் திறந்து, தண்ணீர் உறிஞ்சும் குழலை நீட்டிக்கொண்டு, நன்றாகவே இருந்தன. 

என் கணவர் போலீஸ்காரர். சீசனில் அவருக்குப் பேரருவியில் பாதுகாப்பு வேலை. வரிசையை ஒழுங்குபடுத்துவது, வெள்ளம் ஏறித் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டு விழ ஆரம்பித்தால் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றுவது. சீசன் முடிகிற வரை வேலை முடிந்து வரும்போது ஒரு கேன் அருவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். மலை மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர் என்பது அவர் கட்சி. குடிக்க அது, சாதம் வடிக்க அது, எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஒற்றுவதும் அது. கறிவேப்பிலைச் செடி வாடினால்கூட அதைத்தான் ஊற்றுவார். செடி பிழைத்துக்கொண்டதால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் சாவி தேடிக் குற்றாலம் போனேன். பழக்கடையில் அண்ணாச்சி இல்லை. ரம்புட்டான் லோடு எடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார் அவர் மச்சினன். அன்றைக்கென்று பார்த்துச் சாரல் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பேசினைப் பின்பக்கம் கூரைக்குக் கீழேதான் வைத்திருந்தேன், ஆனால் பன்னிரண்டு மணிக்கு அங்கே வெயில் வரும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழக்கடையில் நின்றால் கால் தரிக்கவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிற கூட்டத்தில் முட்டி மோதிப் பேரருவிக்குப் போனேன். என் கணவர் பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியோரம் நின்றிருந்தார்.

"ஏட்டி, நீ என்ன இங்கன நிக்க?"

"சாவிக்கு வந்தேன். அண்ணாச்சி செங்கோட்டைக்குப் போயிருக்காராம். உங்களுக்கு எப்ப முடியும்?"

"ஒரு மணிக்கு."

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பேசினைப் பாருங்க. வெயில் பட்டுதுன்னா உள்ள தூக்கி வச்சிருங்க. தண்ணி சூடா இருந்தா பாதியை மாத்திருங்க."

"மாத்திருதேன். நீ வெயில்ல நிக்காத, போ."

அதற்குள் யாரோ கம்பியைத் தாண்டினார்கள். அவர் விசிலை ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். எந்தத் தண்ணீரால் மாற்றுவது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கடல் மட்டிக்கு எந்தத் தண்ணீர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

அண்ணாச்சி இரண்டரைக்கு வந்தார். "ஐயையோ மேடம், போன் சார்ஜ் போயிட்டு. நீங்க எம்புட்டு நேரமா நிக்கிய?" என்று பதறி, சாவியோடு ஒரு பை மங்குஸ்தானையும் கையில் திணித்தார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

பேசின் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார், வேலை முடித்த திருப்தியோடு. பேசின் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்திருந்தது.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மட்டியின் குழலிலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளை நூல் வந்துகொண்டிருந்தது. அடுத்ததிலிருந்து விட்டுவிட்டு, பொடி ரவை மாதிரி. ஒரு ஆண் ஆரம்பித்தால் போதும், அதன் வாடை தண்ணீரில் பட்டதும் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிடும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. எட்டு மாதமாகச் செத்த மட்டியையே பார்த்தவள். அது அழகாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகுதான் என் கோடு நினைவுக்கு வந்தது.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"அருவித் தண்ணிதான். நேரா விழுத எடத்துல புடிச்சேன். ஒரு தூசி கெடையாது."

"பின்னாடி ஒரு கேன் வச்சிருந்தேனே?"

"அது நாறிட்டுக் கெடந்துச்சு. சாக்கடையில ஊத்திட்டுக் கேனை அலசிக் கவுத்தி வச்சிருக்கேன்."

மட்டிக் குஞ்சு வளர்க்கிற பண்ணைகளில் வேண்டுமென்றே செய்கிற வேலை இது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இருப்பதற்குக் குளிர்ந்த நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, மறுபடி சூடேற விட்டால், சினை முற்றியதெல்லாம் பயந்துபோய் உள்ளதைக் கொட்டிவிடும். அவர் தெரியாமலேயே அதை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்திருந்தார்.

நான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசினேன். "உங்ககிட்ட ஒரு வேலை சொன்னதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றேன். "இதெல்லாம் விசில் ஊதுற மாதிரின்னு நினைச்சீங்களா" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. சமாளிக்கப் பார்த்தார்.

"நம்ம அருவித் தண்ணி சித்தாத்துல ஓடி, சீவலப்பேரில தாமிரபரணியோட சேந்து, கடைசில அங்கனதான போயி விழுது? இதுக குடிக்காத தண்ணியா?"

"வழியில எத்தனை அணை, எத்தனை குளம். இங்க விழுற தண்ணி எல்லாமா அங்க போய்ச் சேருது? போலீஸ் மூளை."

 நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். இருட்டுவதற்குள் முப்பதையும் திறந்துவிட்டேன். இருபத்தேழு காலி. மூன்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் அந்த எண்களை எழுதினேன். காரணம் எழுதவில்லை, நாளைக்கு யோசித்து எழுதலாம் என்று விட்டேன்.

மறுநாள் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைடு மேடம் போன் செய்தார்கள். "ஜூலை எப்படிம்மா இருக்கு?"

"காலி மேடம்."

"நல்லது. மேல மழை, ஆத்துல தண்ணி இறங்கியிருக்கும். அதான் விட்டிருக்கு. நல்ல தெளிவான ரிசல்ட்."

"ஆமா மேடம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அவ்வளவுதான், ஒரு ஆமா. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தது என் கணவரின் சித்தாற்றுத் தண்ணீர்தான். அவர் சொன்னபோது போலீஸ் மூளை என்று திட்டியவள், மறுநாளே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒருவேளை கழிமுகத்திலும் அந்த வாரம் நல்ல தண்ணீர் வந்திருக்கலாம். அங்கேயும் விட்டிருக்கலாம். அப்படியென்றால் நான் எழுதியது தப்பில்லை. அடுத்த சனிக்கிழமை போய் இன்னொரு முப்பது எடுத்துப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். போகவில்லை. தேர்வு வேலை இருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையான காரணம், போய்ப் பார்த்து அவை நிறைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம். ஆகஸ்டில் போனபோது பாதி நிறைந்தும் பாதி நிறையாமலும் இருந்தன. அதை எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் செய்துகொள்ளலாம், நான் எனக்குச் சாதகமாகச் செய்துகொண்டேன்.

பன்னிரண்டு மாதமும் முடிந்து கோடு வரைந்தபோது அது அவ்வளவு அழகாக வந்தது. ஜூன் வரை ஏறி, ஜூலையில் செங்குத்தாக விழுந்து, மறுபடி மெல்ல ஏறியது. ஒரு கருத்தரங்கில் அதைப் போஸ்டராக ஒட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் ஜூலைப் புள்ளியில்தான் விரல் வைத்தார்கள். ஒருவர், "இவ்வளவு சுத்தமா விழுந்து நான் பார்த்ததில்லை" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.  கேஸ் அடுப்பைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அந்த நாட்களில் முற்றிப்போனது. பூட்டை இழுத்துப் பார்ப்பேன், பத்தடி போய் மறுபடி வந்து இழுப்பேன்.

வீட்டில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அவர் அருவித் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அடுத்த சீசனில் கடைக் கேன் வாங்கிப் போட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது என் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தால், "நடுவுல நான் ஒரு மாசத்தைக் கெடுத்துட்டேன், இல்லன்னா இன்னேரம் முடிச்சிருப்பா" என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

ஸ்லைடு போடுவதிலும் எழுதுவதிலும் ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு சித்திரை மாதம் தீசிஸ் வரைவு முடிந்தது. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு அவர்தான் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மட்டிப் படங்களைப் பார்த்துச் சிரித்தார். கோடு இருந்த பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இந்த ஜூலை, அந்த ஜூலைலா?"

"ஆமா."

"அப்ப அந்த முப்பதும் இதுல இருக்கா?"

"இருக்கு."

"நீ அதையெல்லாம் தூரப் போட்டுட்டன்னுல்லா நான் நினைச்சிட்டிருக்கேன்." விரலைக் கோட்டோடு நகர்த்தினார். "நான் ஊத்தினது இதுல எங்கன எழுதிருக்கு?"

"எழுதல."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லத் தெரியும். அவர் பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

"நாங்க ஒரு எடத்துல ஒரு சாமானைக் கைப்பத்துதோம்னு வையி. எந்த எடம், எப்படி இருந்துச்சு, கூட யாரு இருந்தான்னு அங்கனயே மகஜர் எழுதணும். ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த பொறவு அது ஒடைஞ்சு போச்சுன்னா, கொண்டுவந்த பொறவு ஒடைஞ்சுதுன்னுதான் எழுதணும். எடுக்கும்போதே ஒடைஞ்சு கெடந்துச்சுன்னு எழுதுனா கேஸ் நிக்காது."

"நிக்கும். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

எழுந்து கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மாதத்துப் பஸ் பயணம், இரண்டரை வருஷத்து மட்டி வாடை, எல்லாம் ஒரு புள்ளியில் போய்விடும் என்று அழுகை வந்தது. பட்டம் போனால் தற்காலிக வேலையும் போகும். பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் போகாது, இந்த ஆளுக்கு மட்டும் தெரியும். அந்த ஆளோடுதான் தினமும் சாப்பிட உட்கார வேண்டும்.

மறு வாரம் கைடு மேடத்திடம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். மேடம் பேனாவை மூடினார்கள், திறந்தார்கள். "அன்னைக்கே சொல்லியிருந்தா மறுவாரம் போய் எடுத்திருக்கலாமேம்மா" என்றார்கள். அதைவிட வேறு திட்டு எனக்குத் தேவைப்படவில்லை. பிறகு சொன்னார்கள்: அந்த ஜூலையை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விடு, காரணத்தை எழுது. போஸ்டர் ஒட்டிய இடத்துக்கும் எழுதிப் போடு. வருகிற ஜூலையில் புதிதாக எடுத்து, வேறு வருஷம் என்று குறித்துத் தனியாகப் போடு. காலக்கெடுவை நீட்டிக் கேட்போம், கிடைத்தால் உன் அதிர்ஷ்டம்.

கிடைத்தது. காரணத்தை ஒரு வரியில் எழுதினேன்: வீட்டில் வைத்திருந்தபோது நன்னீர் கலந்ததால் மாதிரிகள் சினையை வெளியேற்றிவிட்டன. யார் கலந்தது, யார் கலக்கச் சொன்னது என்று அந்த வரியில் இல்லை. ஆராய்ச்சிக்கு அது தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை வந்தது. சீசனில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ ஒரு நாள் வாங்கிக்கொண்டு அவரும் கூட வந்தார். இந்தத் தடவை பஸ் இல்லை, அவர் பைக்கில்தான். மாணவர் மைக்ரோஸ்கோப் ஒன்றைக் கல்லூரியில் கேட்டு வாங்கித் துணி சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். எடுத்த இடத்திலேயே திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, "தண்ணி போவுதுல்லா?" என்று கேட்டார். கொஞ்சம் போனது. நானும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். போன தடவையும் இப்படித்தான் போயிருக்கும், அங்கேயும் காலியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே வேண்டிக்கொண்டிருந்தோம். அவர் தன் கேனுக்காக, நான் என் ஆமாவுக்காக.

கழிமுகத்தில் அவர் பேண்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். காலால் துழாவக் கற்றுக்கொடுத்தேன். அருவியில் வழுக்காமல் நிற்பவருக்குச் சேற்றில் நிற்கத் தெரியவில்லை, இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். முப்பது சேர ஒரு மணி நேரம் ஆனது. கரையில் கவிழ்த்திருந்த ஒரு படகின் நிழலில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, முதல் மட்டியின் ஓட்டுக்கு நடுவே கத்தியை நுழைத்தேன்.

தொட்டதும் பால் வழிந்தது. கண்ணாடியில் தடவிப் பார்க்கவே தேவையில்லை, இருந்தாலும் பார்த்தேன். முட்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. எல்லாம் முட்ட முட்ட நிறைந்திருந்தன. பன்னிரண்டு வரை திறந்தேன்.

"என்ன?" என்றார்.

"நிறைஞ்சிருக்கு."

அவர் குந்தி உட்கார்ந்து கைச் சேற்றைத் தண்ணீரில் அலசினார். சேறு போன பிறகும் அலசிக்கொண்டிருந்தார். "அப்ப அன்னைக்கும் நிறைஞ்சுதான் இருந்திருக்கும். நான் ஊத்தினதுலதான் எல்லாம் போச்சு."

"அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காது. அந்த வருஷத்து மழை வேற, தண்ணி வேற. இதை வச்சு அதைச் சொல்ல முடியாதுங்க."

அது உண்மைதான். எந்தத் தேர்வாளர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் தலை நிமிரவில்லை. இரண்டு வருஷமாக இந்தத் தலை என் பொருட்டு ஊரார் முன்னால் இப்படித்தான் குனிந்தது என்பது எனக்கு அப்போது உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தேன். 

"மாத்தச் சொன்னது நான்தான். எந்தத் தண்ணின்னு நான் சொல்லவே இல்ல. அன்னைக்கு உங்களை அவ்வளவு பேசினப்பவும் எனக்கு அது தெரியும்."

அவர் அலசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும். என்னைக்காவது நீயா சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் பதினெட்டு கெடக்கு. தண்ணி ஏறுது, வெட்டு" என்றார்.